மண் எடையும் மல்லாசானும்

உடலை உரம்பெறச் செய்தற்பொருட்டு ஒருவர் தமக்கெனத் தனியே ஓர் ஆசானை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் புதியது எனக் கருதுவார் பலர். உடற்பயிற்சி நிலையங்கள் சிற்றூர்களிலும் தோன்றிவிட்ட இக்காலத்தில் அவ்வாறு எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்வழக்கின் வேர் ஆழமானது. அத்தகைய ஆசானை எங்கே தேடினர், எதனைக்கொண்டு தேர்ந்தனர் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றமையைப் பாடுவது. சாத்தந்தையார் அம்மற்போரின் பிடிகளைக் கண்முன் நிறுத்துகிறார். கிள்ளியின் தந்தையாகிய தித்தன் அதனைக் காணவேண்டும் எனவும் விழைகிறார். அப்பிடிகளைக் கிள்ளிக்குப் பயிற்றியவன் எவன்? பாட்டில் அவனுக்கு இடமில்லை. வென்றவன் பெயர் நிற்க, பயிற்றியவன் பெயர் மறைந்துபோதல் இத்துறையில் தொடக்கமுதலே காணப்படும் குறை.

மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் (1126–1138) இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களை அகவை, உடலளவு, ஆற்றல், திறம் என்பன நோக்கி வகைப்படுத்துகிறது. அவர்க்குரிய உணவையும் பயிற்சியையும் கூறுகிறது. அரசன் மல்லரைத் தேர்ந்து பேணுதற்கு அந்நாளிலேயே அளவுகோல் இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், தனியொருவர் பயிற்சியைக் கண்ணாற் கண்டார்போல விரித்துரைக்கும் சான்று போர்த்துக்கேசியப் பயணி தொமிங்கோ பயசின் குறிப்பே ஆகும். 1520ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் விசயநகரத்தில் இருந்தார். அவர் குறிப்பை இராபர்ட் சிவெல் 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிருட்டிணதேவராயர் (1509–1529) நாள்தோறும் விடியுமுன் எழுந்து, முக்கால் பைண்ட் அளவு நல்லெண்ணெய் பருகுவார். உடம்பெங்கும் எண்ணெய் பூசிக்கொள்வார். சுட்ட மண்ணாலாகிய பெரும் எடைகளைத் தூக்குவார். எண்ணெய் முழுதும் வியர்வையாய் வெளிப்படும்வரை வாட்பயிற்சி செய்வார். பின்னர்த் தம் மல்லருள் ஒருவனோடு பொருவார். அதன்பின் குதிரையேறி வெளியிற் சுற்றி வருவார். இவை யாவும் விடியற்குள் முடிந்தன என்கிறார் பயசு.

இங்கே குறிக்கப்படும் மல்லன் ஆசானா, வெறும் எதிராளியா? பயசு அவனை ஆசான் என்று கூறவில்லை. ஆயின், வேந்தனோடு நாள்தோறும் கைகலக்கும் உரிமை பெற்றவன் வேந்தன் உடலின் வன்மை மென்மைகளை அறிந்தவனாகவே இருத்தல் வேண்டும். ஊறு நேராமல் உரமேற்றுதல் எதிராளியின் தொழிலன்று, பயிற்றுவோன் தொழிலே. ஆதலின் அவனை ஆசான் நிலையில் வைத்தெண்ணுதல் தவறாகாது என்பது நம் கருத்து. அவனைத் தேர்ந்த களமும் ஒருவாறு புலனாகிறது. மகாநவமி விழாவில் பல் உடையவும் கண் கெடவும் மல்லர் பொருதனர் என்றும், இணையொத்தாரைப் பொருத்தவும் வென்றார்க்குச் சிறப்புச் செய்யவும் நடுவர் இருந்தனர் என்றும் பயசே எழுதுகிறார். திறம் ஊரறிய வெளிப்பட்ட அவ்விடமே தேர்வுக்களமும் ஆயிற்று எனலாம். பரிந்துரைக்கு அங்கே வேலையில்லை!

தமிழகத்தில் இப்பயிற்சி நிகழ்ந்த இடம் கரடிக்கூடம் எனப்பட்டது. இச்சொல்லில் விலங்கைத் தேடுதல் வேண்டா. கன்னடத்து வழங்கும் கரடிமனை என்பதனோடு ஒப்பிடுதலே பொருந்தும். ஆசானின் புகழைக் கேட்டு மாணாக்கர் அவன் கூடத்தை நாடிச் சென்றனர்.

1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. ஆசிரியர் தகுதிக்குச் சான்றிதழ் அடையாளமாயிற்று. களத்தில் வீழ்த்தவல்லவன் பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லவனாவான் என்னும் உறுதி இல்லை. ஆதலின் இம்மாற்றம் நன்றே. ஆனால், எழுத்தறியாத பழைய வாத்தியார்கள் இவ்வளவுகோலுக்குப் புறம்பாயினர் என்பதனையும் மறத்தலாகாது.

இனி, பயசு கூறும் மண் எடை குறித்து ஒன்று. சுட்ட மண் தவறி விழின் உடையும். ஆகவே அதனை வீசியெறியாமல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்குதலே முறையாயிருந்திருக்கும். அவை திண்ணிய கட்டிகளோ, மணலோ நீரோ நிரப்பிய கலங்களோ என்பது பயசின் சொற்களால் விளங்கவில்லை. அந்நாளில் விசயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்த நடுநாட்டு விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றது. அத்தொழில்நுட்பம் பயிற்றும் நிறுவனமும் அங்கே உளது. அம்பியில் கிடைக்கும் மட்கலத் துண்டுகளின் கனத்தையும் சூளைப்பதத்தையும் அங்குள்ள வல்லுநர் ஆய்வாராயின், அரசன் கையிலிருந்த எடையின் உருவம் ஓரளவு தெளிவுறும்.