நிலை சேரும் வரை

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய 7 மைல். மேற்கே மலைத்தொடர் கூடவே வர, இருமருங்கிலும் தோப்பும் வயலும் மாறி மாறித் தோன்ற, கால்மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய அந்தச் சாலையை எங்கள் வீட்டுப் பழைய மோட்டார் வண்டி ஒரே மூச்சில் கடந்த நாட்கள் என் நினைவில் மிகச் சிலவே. ஆடிப்பூரத் தேர் பார்க்கக் குடும்பத்தோடு புறப்படுவோம். பாதி வழியில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்துபோகும். பம்பு சூடேறி, உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டது என்பதை அநுபவத்தால் அறிந்த ஓட்டுநர், பதற்றம் ஏதுமின்றி பானெட்டைத் திறந்து, வாய்க்கால் தண்ணீரில் நனைத்த துண்டைப் பம்பின்மேல் சுற்றிவைத்து, “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, சூடு இறங்கட்டும்” என்று என் தந்தையாரிடம் சொல்லிவிட்டுப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்துகொள்வார். சூடு இறங்கிய பிறகு முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றுவார். அதற்கும் மசியாவிட்டால் நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். தேரிழுக்க நடந்து போகும் ஜனங்களில் நாலு பேர், யாரும் அழைக்காமலே வந்து கைகொடுப்பார்கள்.

அந்த வண்டியை நான் மனமார வெறுத்தேன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடம் சேராத ஒன்றுக்கு வாகனம் என்ற பெயர் எதற்கு என்று எண்ணினேன். அந்த எண்ணத்தோடு ரத வீதிக்குள் நுழைந்த சிறுவனுக்கு எதிரே, ஒன்பது மரச் சக்கரங்களின்மேல் ஆண்டாளின் பெரிய தேர் நின்றது.

வடபத்ரசாயி சந்நிதியின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அந்தத் தேர் சிறியதாகத் தோன்றவில்லை. ஆண்டாள் அவதரித்த ஆடிப்பூர நன்னாளில், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பட்டு வஸ்திரத்தைச் சாத்திக்கொண்டு, ரங்கமன்னாரோடு அவள் எழுந்தருளும் திருத்தேர் அது. தமிழ்நாட்டுப் பெருந்தேர்களின் வரிசையில் திருவாரூர் ஆழித்தேருக்கு அடுத்து உடனே நினைவுக்கு வருவது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வானமாமலை மடத்து ஜீயரின் கைங்கரியமாகச் செய்யப்பட்டது என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அடித்தட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து செல்லும் மரச் சிற்ப வரிசைகளும், அவற்றுக்கு மேலே மூங்கிலாலும் துணியாலும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படும் விமானமும், நாற்புறமும் தொங்கும் தொம்பைகளும் சேர்ந்து, ஒரு கோயிலே புறப்பட்டு வீதிக்கு வந்தது போன்ற தோற்றம் தந்தன. ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கோயில் வீதிக்கு வந்துவிட்டால், மறுபடி தன் நிலைக்கு எப்போது திரும்பும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் நாட்கணக்கில் ஆகும். சில ஆண்டுகளில் மாதக்கணக்கிலும் ஆனதுண்டு.

இதற்குக் காரணம் தெய்வக் குற்றமோ மனிதர்களின் சோம்பலோ அன்று. அந்த வாகனத்தின் வாழ்க்கை முறையே அப்படி. எந்த வண்டியும் ஓடினால்தான் நலமாக இருக்கும். நாள்தோறும் ஓடும் மாட்டுவண்டியின் அச்சில் மை காய்வதில்லை. நாள்தோறும் ஓடும் மோட்டாரின் உறுப்புகளில் துரு ஏறுவதில்லை. தேரோ, ஆண்டில் ஓரிரு நாள் ஓடுவதற்காக ஆண்டு முழுவதும் நிற்பது. சித்திரை வெயிலில் மரம் வெடிக்கும். ஐப்பசி மழையில் உப்பும். இடையில் கறையான் தன் வேலையைச் செய்யும். மேலேயுள்ள பாரமெல்லாம் அச்சின்மேல் இறங்கி, சக்கரம் தரையைத் தொடும் இடத்தை மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும். ஒன்பது சக்கரங்களும் ஒரே அளவாய்ப் பிறந்தவையானாலும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை. ஒன்று அரை விரற்கடை குறைந்தால் அதன் சுமை அடுத்ததன்மேல் ஏறுகிறது, ஏறிய சுமையால் அடுத்தது விரைவில் பழுதாகிறது. வீட்டில் பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கிலி நன்றாகத் தெரியும்: ஒரு கோளாறைச் சரிசெய்த அன்றைக்கே மற்றொன்று தலைகாட்டும்.

பூரி ஜகந்நாதத்தில் இந்தச் சங்கடத்தை வேறொரு வழியில் தீர்த்திருக்கிறார்கள். அங்கே ஜகந்நாதருக்கு 16 சக்கரமும், பலபத்திரருக்கு 14 சக்கரமும், சுபத்திரைக்கு 12 சக்கரமும் கொண்ட மூன்று தேர்களை ஒவ்வோர் ஆண்டும் புது மரத்தால் செய்கிறார்கள். உற்சவம் முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். அங்கே தேருக்கு முதுமை இல்லை. தமிழ்நாட்டுச் சம்பிரதாயமோ சிற்பத்தை நாடியது. இலுப்பையும் தேக்கும் கொண்டு தச்சர் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய உருவங்களை ஆண்டுக்கொரு முறை கழித்துக் கட்டுவதை இந்நாட்டார் மனம் ஏற்கவில்லை. ஆகவே, பாட்டன் இழுத்த தேரையே பேரனும் இழுக்கும் பெருமையை நாம் பெற்றோம். அந்தப் பெருமையோடு அதன் மூப்பையும், மூப்பின் பிடிவாதங்களையும் சேர்த்தே பெற்றோம்.

அந்தப் பிடிவாதத்தோடு மனிதர்கள் போராடிய விதத்தை அன்று நான் அருகில் நின்று பார்த்தேன். முன்னால் வடம் பிடித்தவர்களின் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. தேரை நகர்த்துவது வடம் ஒன்றே என்று அதுவரை நினைத்திருந்தேன், அது பிழை. நின்ற தேரை அதன் முதல் அசைவுக்குக் கொண்டுவருவது பின்சக்கரத்தின் அடியில் கொடுக்கும் தடி. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கனத்த மரத் தடிகளின் நுனியைச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே செருகி, மறுமுனையில் ஆட்கள் வரிசையாக ஏறி, ஒரே குரலில் ஒரே கணத்தில் மிதிக்க வேண்டும். முன்னால் வடம் இழுபடும் கணமும், பின்னால் தடி மிதிபடும் கணமும் ஒன்றானால் தேர் ஒரு முழம் நகரும். ஒரு மூச்சு தவறினாலும் இரண்டு உழைப்பும் வீண்.

நகரத் தொடங்கிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அதைவிடக் கடினம். அச்சுகள் அசையாமல் பொருத்தப்பட்டவை. மோட்டாருக்கு இருப்பதுபோல் முன்சக்கரம் மட்டும் திரும்பும் வசதி தேருக்குக் கிடையாது. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னே சரிவாகச் செதுக்கிய முட்டுக்கட்டையைப் போட்டு, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறு பக்கத்தை ஓடவிட்டுத்தான் வீதி முனையில் தேரைத் திருப்ப முடியும். அந்தக் கட்டையைப் போடுகிறவர் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில், தேரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கிறார். வலப்புறச் சக்கரத்தில் இருந்தவரின் வெறும் பாதங்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டையைப் போட்டதும் அது ‘கிரீச்’ என்று அரைபட, அவர் காலை எடுத்துக்கொள்வதற்கும் சக்கரம் ஏறுவதற்கும் இடையே ஒரு கண்ணிமைப்பு நேரமே இருந்தது. அத்தனை ஆயிரம் பேரின் பலமும் எந்தத் திசையில் போவது என்பதை அந்த ஒரு மனிதரின் கை தீர்மானித்தது.

அன்று மாலைக்குள் தேர் ஒரு முனையைக்கூடத் திரும்பவில்லை. ஆடி விதைப்புக் காலம். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டிய குடியானவர்கள் முதல் நாள் வந்து வடம் பிடித்துவிட்டு மறுநாள் ஏர் பூட்டப் போய்விடுவார்கள். வீதி நடுவே நின்ற தேரை மீண்டும் அசைக்க மறுபடியும் ஆள் சேர வேண்டும். வடம் அறுந்தால் புது வடம் வர வேண்டும். மழை பெய்து மண் இளகினால் சக்கரம் புதைந்துகொள்ளும். ‘ஊர் கூடித் தேர் இழு’ என்ற பழமொழியை உற்சாக வார்த்தையாகவே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஊர் கூடாத மறுநாளின் மனச்சோர்வை அநுபவித்தவர்கள் சொன்ன வார்த்தை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் எப்போதும் தானாகக் கூடியதென்றும் சொல்வதற்கில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1817ஆம் ஆண்டின் 7ஆவது ரெகுலேஷனால் கோயில்களின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடமும் கலெக்டர்களிடமும் ஒப்படைத்த பிறகு, சென்னை ராஜதானியின் பல இடங்களில் தேர் ஓடுவதும் சர்க்கார் காரியமாயிற்று. கிராமங்களுக்கு ஆள் அனுப்பிக் குடிகளை நிர்ப்பந்தமாகக் கொண்டுவந்து வடம் பிடிக்க வைத்தார்கள். கிறிஸ்தவப் பாதிரிமார் 1836இல் இதையும் உள்ளிட்டு மனுக் கொடுத்தனர். கம்பெனி அரசு கோயில் காரியங்களில் கலந்துகொள்வதை ஒப்பாமல், சென்னைப் படையின் பிரதம சேனாதிபதி ஸர் பெரிக்ரின் மெயிட்லண்ட் 1838இல் பதவியைத் துறந்தார். 1863ஆம் ஆண்டின் 20ஆவது சட்டம் கோயில் நிர்வாகத்தைக் கமிட்டிகளிடம் விட்டது. பாதிரிமாரின் நோக்கம் வேறாயினும், அந்த வாதத்திலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு: அடித்து இழுக்கவைத்த தேரும் தேர்தான், ஆனால் அது திருவிழா அன்று. மனம் இசைந்து பிடித்த வடத்துக்கே புண்ணியம்.

வாகனத்தின் பிடிவாதத்தோடு மனிதர்கள் போராடும் கதை, மோட்டார் இந்தச் சீமைக்கு வந்த பிறகும் வேறு உருவில் நடந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து பஸ்கள் நின்றுவிடும் நிலை ஏற்பட்டபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியை எரித்து அதன் வாயுவால் என்ஜினை ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தார்கள். பஸ்ஸின் பின்புறம் ஒரு பெரிய உலை. விடியுமுன் கிளீனர் அதில் கரியைக் கொட்டித் தீமூட்டி, விசிறியின் கைப்பிடியை வியர்க்க வியர்க்கச் சுற்றினால்தான் வாயு எழும். பெட்ரோலின் வலிமை அதற்கு இல்லை. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த வண்டிகள் படுத்திய பாடு சிறிதன்று. ஆயினும் அவற்றோடு மல்லுக்கட்டிய கைகளே பிற்காலத்தில் எந்த என்ஜினின் ஓசையைக் கேட்டும் அதன் நோயைச் சொல்லும் கைகளாயின. எங்கள் வண்டியை ஓட்டியவரும் அப்படிப்பட்ட ஒரு கிளீனரின் சீடர்.

பெருந்தேர்களின் துன்பத்துக்கும் ஒரு முடிவு வந்தது. திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தாரின் இரும்பு அச்சும் சக்கரமும் பிரேக்கும் பெற்று 1970இல் மறுபடி ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து, பின்னர் ஒன்பது மரச் சக்கரங்களுக்குப் பதிலாக நான்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெற்றது. மாதங்களை விழுங்கிய பிரயாணம் இன்று ஒரே நாளுக்குள் முடிந்து, ஆண்டாள் நிலை சேர்கிறாள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. சக்கரத்தடியில் அஞ்சி நின்ற உயிர்களுக்கு அந்தப் பிரேக் ஓர் அபயம். ஓடாமல் கொட்டகையில் நிற்கும் தேரைவிட இரும்புச் சக்கரத்தில் ஓடும் தேர் ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றும் அந்தத் தேரை வீதி முனையில் திருப்புவது யந்திரம் அன்று, முட்டுக்கட்டைதான். பிரேக் நிறுத்தும், எங்கே, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் என்பதை அது அறியாது. அந்த அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. தகப்பனுக்குப் பின்னால் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்த மகனின் கையில் இருக்கிறது. பழைய வாகனத்தைக் காப்பது என்றால் மரத்துக்கு எண்ணெய் பூசிக் கொட்டகை போடுவது என்று நினைக்கிறோம். உண்மையில் காக்க வேண்டியது அந்தக் கையை. மரம் இற்றால் வேறு மரம் கிடைக்கும். இரும்பு தேய்ந்தால் வேறு இரும்பு கிடைக்கும். கை மறந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது? ஆண்டுதோறும் தேர்த் தடி போடுகிறவர்களுக்கும் கட்டை போடுகிறவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை, வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் பெரிய மனிதர்களுக்குச் செய்யும் மரியாதைக்கு ஓர் எள்ளளவும் குறையக் கூடாது.

அன்று திரும்பும் வழியிலும் எங்கள் வண்டி நின்றது. அதே புளியமரத்துக்குச் சற்று முன்னால். ஓட்டுநர் பானெட்டைத் திறந்தார். வழக்கம்போல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கட்டை போட்டவரின் பாதங்கள் என் கண்ணைவிட்டு அகலாதிருந்தன. இறங்கிப் போய், எந்தக் குழாய் சுடுகிறது என்று அவரிடம் கேட்டேன். அவர் என் விரலைப் பிடித்துப் பம்பின் அருகே காட்டினார். துண்டை வாங்கிக்கொண்டு நான் வாய்க்காலை நோக்கி நடந்தேன்.