நாய்க்கு எந்த வலிமருந்து?

குள்ளஞ்சாவடிச் சாலையில் லாரியில் அடிபட்ட நாயைக் கண்டால், வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுக்கத் தோன்றும். கொடுத்துவிடாதீர்கள். நமக்கு உதவும் இபுபுரூபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஓர் உயிரின் மருந்து மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது.

1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம், மாடுகளுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோபினாக் ஊசி! செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதனை வெளிப்படுத்திற்று. 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. கழுகில்லாத ஊர்களில் மாட்டுப் பிணங்களைத் தின்று பெருகியவை தெருநாய்களே என்பது வேடிக்கை.

மாற்றாக வந்த மெலாக்சிகம் கழுகைக் கொல்வதில்லை. அடிபட்ட நாய்க்கும் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் அதையே, எடை பார்த்துக் கொடுக்கிறார்.