நாய்க்குட்டி, மல்லிகைப்பூ, ஆடு: பால் கட்டிய வரலாறு

பிரசவமாகி மூன்றாம் நாள். வார்டு ரவுண்ட்ஸ் போனா ஏதாவது ஒரு கட்டிலில் இருந்து இந்தக் குரல் வராம இருக்காது. "டாக்டர், பால் கட்டிக்கிச்சு, கல்லு மாதிரி இருக்கு, கையைக்கூடத் தூக்க முடியல."

பால் பத்தலைங்கிற அம்மாவுக்கு ஊரே ஆலோசனை சொல்லும். பால் அதிகமா இருக்கிற அம்மாவை மட்டும் "உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ"ன்னு சொல்லிட்டு எல்லாரும் நகர்ந்துடுவாங்க. அந்த வலியைப் பற்றித்தான் இந்த த்ரெட். இதுக்கு 250 வருஷத்துல டாக்டர்கள் என்னென்ன பண்ணிப் பார்த்தாங்கங்கிற கதை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல, ஏன் கட்டுது? நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மளமளன்னு இறங்கும். அதுவரைக்கும் பால் சுரப்பைப் பிடிச்சு வச்சிருந்த பிரேக் அதுதான். பிரேக் போனதும் 2, 3 நாளில் பால் பெருகும். முதல் நாள் சில ஸ்பூன் சீம்பால், ஐந்தாம் நாள் வாக்கில் சுமார் அரை லிட்டர். இந்தக் குழந்தைக்கு எவ்வளவு தேவைன்னு உடம்புக்கு இன்னும் தெரியாது, அதனால கூடுதலாவே சுரக்கும். கூடவே ரத்த ஓட்டமும் நீரும் சேர்ந்து மார்பு வீங்கும்.

இப்போ 1797, லண்டன். பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் ஆகஸ்ட் 30 அன்று ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். நஞ்சுக்கொடி வரவில்லை. டாக்டர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். கிருமின்னா என்னன்னே தெரியாத காலம். அடுத்து காய்ச்சல். சில நாளில், குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. கட்டிய பாலை என்ன செய்வது? நாய்க்குட்டிகளைக் கொண்டு வந்து மார்பில் விட்டார்கள். அவருடைய கணவர் வில்லியம் காட்வின் இதை எழுதி வைத்திருக்கிறார். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், அன்றைய ஐரோப்பாவில் இது தெரிந்த வைத்தியம்தான். செப்டம்பர் 10 அன்று மேரி இறந்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி.

அந்தக் காலத்தில் 'பால் காய்ச்சல்' என்று ஒரு நோயே இருந்தது. சீம்பால் கெட்டதுன்னு நினைத்து முதல் சில நாள் குழந்தைக்குக் கொடுக்கவே மாட்டார்கள். நம்ம ஊரில் சேனை வைக்கிற மாதிரி தேனும் எண்ணெயும் தீட்டுவார்கள். அதற்குள் மார்பு கட்டி, காய்ச்சல் வந்து, சில பேருக்குச் சீழ் பிடிக்கும். 1748ல் வில்லியம் கடோகன் என்ற டாக்டர் ஒரு சிறு நூல் எழுதினார். பிறந்த குழந்தைக்கு வேறு எதையும் கொடுக்காதே, சீக்கிரமே தாயிடம் விடு என்றார். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கணும். ஆனா அதே மனுஷர் 24 மணி நேரத்தில் 4 தடவை கொடுத்தால் போதும், ராத்திரி வேண்டாம்னும் எழுதினார். குழந்தை வளர்ப்பு இத்தனை நாள் பெண்கள் கையில் இருந்ததுதான் கோளாறுன்னு வேற அவருக்கு நினைப்பு! ராத்திரி முழுக்கப் பால் எடுக்காம விட்டா காலையில் மார்பு என்ன ஆகும்னு எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க.

அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓயவில்லை. 1907ல் நியூசிலாந்தில் ட்ரூபி கிங் தொடங்கிய இயக்கமும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் என்றது. அப்புறம் ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகி, மேற்கு நாடுகளில் குழந்தையைத் தனி அறையில் படுக்க வைத்து மணி அடித்தால் கொண்டு வந்து காட்டும் வழக்கம் வந்தது. பால் கட்டாம என்ன செய்யும்?

கட்டின பாலுக்கு மருந்து தேடினார்கள். 1938ல் செயற்கை ஈஸ்ட்ரோஜனான ஸ்டில்பெஸ்ட்ரால் வந்தது. பாலை வற்ற வைக்கும், ஆனா ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும்னு 1960களில் தெரிந்தது. அடுத்து புரோமோகிரிப்டின், 1980ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது. பக்கவாதம், வலிப்பு, மாரடைப்புன்னு புகார்கள் குவிய, 1994ல் இந்தப் பயன்பாட்டிலிருந்து கம்பெனியே விலக்கிக்கொண்டது. நல்ல ஆரோக்கியமான இளம் பெண்களுக்கு, தானாக அடங்கக்கூடிய ஒரு விஷயத்துக்குக் கொடுத்த மருந்து இது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதுல உண்டு.

இங்கே வேலூர் வருது. குழந்தை இறந்தே பிறந்தாலும் தாய்க்குப் பால் சுரக்கும். அந்தக் கொடுமைக்கு நம்ம ஊரில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதை மூடநம்பிக்கைன்னு ஒதுக்காம, புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988ல் வெளியிட்டார்கள். புரோலாக்டின் அளவை மாத்திரைதான் அதிகமா குறைச்சது. ஆனா வீக்கம், பால் அளவு, வலி மாத்திரைத் தேவை மூன்றிலும் ரெண்டும் சமம். மாத்திரை எடுத்த சிலருக்கு பால் திரும்ப ஊறியது. எதுவுமே கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிடலைங்கிறதையும் சொல்லிடணும். பாலை எடுக்காம விட்டாலே தானா குறையும், அதனால பூவோட பங்கு எவ்வளவுன்னு அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

எடுக்காம விட்டா ஏன் குறையுது? இதற்கு விடை சொன்னவை ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆய்வுக்கூடத்து ஆடுகள். மால்கம் பீக்கரும் சக விஞ்ஞானிகளும் ஆட்டின் ஒரு பக்க மடியில் மட்டும் அடிக்கடி பால் கறந்து பார்த்தார்கள். கறந்த பக்கம் மட்டும் சுரப்பு கூடியது! ஹார்மோன் ரத்தத்தில் ரெண்டு பக்கமும்தானே ஓடுது? அப்படின்னா கணக்கு மடிக்குள்ளேயே நடக்குது. பால் தங்கினா சுரப்பு குறையும், காலியானா கூடும்.

இந்த ஆட்டுக் கணக்கு தெரியாததால்தான் இன்னிக்கும் வீட்டுல "ஒட்ட எடுத்துடு"ன்னு பம்ப் வாங்கிக் கொடுக்கிறாங்க. ஒட்ட எடுத்தா உடம்பு ரெட்டைக் குழந்தைன்னு நினைச்சுக்கும். மறுநாள் இன்னும் அதிகமா கட்டும். அழுத்தித் தேய்ச்சு உருவிவிடறதும் தப்பு, உள்ளே வீக்கம் கூடும். 2022ல் தாய்ப்பால் மருத்துவ வல்லுநர் அமைப்பின் வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது.

குழந்தை கேட்கும்போதெல்லாம், ராத்திரியும் கொடுங்க. காம்பைச் சுற்றி இறுகியிருந்து குழந்தையால் கவ்வ முடியலைன்னா, விரல் நுனிகளால் காம்பைச் சுற்றி நெஞ்சுப் பக்கமாக மெதுவா ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, இளகும். அப்பவும் முடியலைன்னா வலி தணியற அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சுங்க. கொடுத்து முடிச்சதும் குளிர்ந்த ஒத்தடம். வலிக்கு மாத்திரை டாக்டரிடம் கேளுங்க, பால் கொடுக்கிறவங்களுக்குப் பாதுகாப்பானது இருக்கு. குளிர் காய்ச்சலோ, ஒரு இடம் மட்டும் சிவந்து சூடா இருந்தாலோ காத்திருக்காம வாங்க.

இவ்வளவு செய்தும் மிஞ்சுகிற பால்? 1909ல் வியன்னாவில் உலகின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இந்தியாவில் 1989ல், மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். இப்போ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்பட தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கு. கொடுக்கிற அம்மாவுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை, சிபிலிஸ் பரிசோதனை நடக்கும். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கிக் குளிர வைப்பார்கள். ஒரு கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 2 மில்லி, 3 மில்லிதான் போகும். நீங்க சிங்க்ல ஊத்துற 50 மில்லி அதுக்கு ரெண்டு நாள் சாப்பாடு. பச்சிளம் குழந்தைகள் வார்டு சிஸ்டரிடம் கேட்டா எங்கே கொடுக்கணும்னு சொல்லுவாங்க.