பாதைத் தேவதைகள்: பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதையின் தொடக்க உபசரிப்பு

அமெரிக்காவின் நெடுந்தூர மலைப்பாதைகளில் நடப்பவர்களுக்குக் கைம்மாறு கருதாமல் படுக்க இடமும் உணவும் வண்டியும் தந்து உதவுகிறவர்களை அங்கே ‘டிரெயில் ஏஞ்சல்’ என்பார்கள். தமிழில் பாதைத் தேவதை எனலாம். இது யாரும் நியமித்து வரும் பதவி அல்ல. நடக்கிறவர்கள் வாய்வழியாகக் கொடுக்கும் பட்டம். பாதி வழியில் ஐஸ்பெட்டியோடு நின்று சோடா கொடுப்பவரும் தேவதைதான். ஆனால் பயணம் தொடங்குமுன்பே கிடைக்கும் உபசரிப்பு தனி வகை. அது வேரூன்றிய இடம் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ.

பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தென்முனை மெக்சிகோ எல்லையோரச் சிற்றூரான கேம்போவில் இருக்கிறது. அங்கிருந்து கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைக் கடந்து கனடாவின் மேனிங் பூங்கா வரை ஏறத்தாழ 4,265 கி.மீ. 1968இல் இயற்றப்பட்ட தேசியப் பாதைகள் சட்டத்தில் அப்பலாச்சியன் பாதையோடு இதுவும் இடம்பெற்றது. முழுவதும் நடக்க ஐந்து மாதம் போல ஆகும். சீக்கிரம் கிளம்பினால் சியரா நெவாடாவில் பனி உருகியிருக்காது; தாமதித்தால் வாஷிங்டன் மலைகளில் புதுப்பனி விழத் தொடங்கிவிடும். தெற்கிலிருந்து புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரலையும் மே முதல் வாரங்களையும் ஒட்டியே சான் டியேகோவில் வந்து குவிவது இதனால்தான்.

குவிகிறவர்களுக்கு என்ன தேவை? உணவும் படுக்கையும் பணம் கொடுத்தால் எந்த ஊரிலும் கிடைக்கும். சிக்கல் மற்றவற்றில்தான். விமான நிலையத்திலிருந்து கேம்போ சுமார் 80 கி.மீ.; அறிமுகமில்லாத நாட்டிலிருந்து பெரிய முதுகுப்பையோடு இறங்குகிறவருக்கு அந்தக் கடைசித் தொலைவுதான் மலைப்பு. சமைப்பதற்கான சிறிய எரிவாயுக் குப்பியை விமானத்தில் கையிலும் கொண்டுவர முடியாது, சரக்கிலும் போட முடியாது. இறங்கிய பிறகே வாங்க வேண்டும். முன்கூட்டியே தபாலில் அனுப்பிய பொருள்களைப் பெற்றுக்கொள்ள ஒரு முகவரியும் வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் அதிகம் அறியப்பட்டவர்கள் ஸ்கவுட், ஃப்ரோடோ என்ற பாதைப்பெயர்களால் அழைக்கப்பட்ட பார்னி மான், சான்டி மான் தம்பதியர். (மலைப்பாதையில் சொந்தப் பெயரைவிடச் சக நடையர் சூட்டும் பெயருக்கே மதிப்பு.) இவர்கள் 2007இல் பாதை முழுவதையும் நடந்தவர்கள். பார்னி மான் பசிபிக் கிரெஸ்ட் பாதைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அந்த 2007 நடையைப் பற்றி அவர் எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது. சான் டியேகோவில் உள்ள தங்கள் வீட்டை ஒவ்வொரு வசந்தத்திலும் புறப்படுகிறவர்களுக்குத் திறந்துவைத்தனர். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, கொல்லையில் கூடாரம், இரவுச் சாப்பாடு, விடியற்காலைச் சிற்றுண்டி, பிறகு கேம்போவுக்கு வண்டி. இதற்கெல்லாம் காசு வாங்கவில்லை. இப்படி வந்துபோனவர்கள் ஆயிரக்கணக்கில். சமையலுக்கும் வண்டி ஓட்டவும் தன்னார்வலர் குழு ஒன்று கூடவே நின்றது; முந்தைய ஆண்டுகளில் அதே கொல்லையில் படுத்து எழுந்து போனவர்களும் அதில் உண்டு.

இத்தகைய வீடுகளில் சாப்பாட்டைவிடப் பயன்பட்டது முதுகுப்பையைப் பிரித்துப் பார்ப்பதுதான் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தரையில் எல்லாவற்றையும் பரப்பியதும் அனுபவமுள்ள ஒருவர் குனிந்து பார்ப்பார். கூடுதலாக ஒரு ஜோடிச் செருப்பு, தடித்த புத்தகம், முழுநீளக் கத்தி. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு என்று கேட்பார். பதில் வராதவை ஒரு பெட்டிக்குள் போய் வீடு திரும்பும். மிஞ்சும் இடம் தண்ணீருக்கு. கேம்போவிலிருந்து லேக் மொரீனா வரை முதல் 32 கி.மீ.க்கு நம்பத்தகுந்த நீர்நிலை இல்லாத நாள்களே அதிகம். முதல் நாள் வெயிலில் மயங்கி விழுவது இந்தப் பாதையில் புதிதல்ல.

விடிவதற்குள் வண்டிகள் கிளம்பும். கேம்போ ஊருக்குத் தெற்கே ஒரு சிறு மேட்டில், எல்லைச் சுவரை ஒட்டி, வெவ்வேறு உயரத்தில் ஐந்து மரத்தூண்கள் நிற்கின்றன. அதுதான் தென்முனைச் சின்னம். அங்குள்ள பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, தூணோடு ஒரு படம். வண்டி ஓட்டிவந்தவர்தான் படம் எடுத்துத் தருவார். பிறகு அவர் ஊர் திரும்புவார், மற்றவர் வடக்கே நடப்பார்.

தனி வீடுகளுக்கு அப்பால் கூட்டு விருந்தும் இருந்தது. 1999இல் தொடங்கி ஏப்ரல் இறுதியில் லேக் மொரீனாவில் நடந்த ‘கிக் ஆஃப்’ கூடுகையில் பழைய நடையர்கள் புதியவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பனி, தண்ணீர் நிலவரம் சொன்னார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் விளைவு கோணலாயிற்று. விருந்துக்காகவே எல்லாரும் ஒரே சில நாள்களில் புறப்பட, பின்னால் வரும் முகாம்களும் ஊற்றுகளும் நெரிசலில் திணறின. இந்தப் பாதையில் தான் நடந்ததைச் சொல்லும் செரில் ஸ்ட்ரேய்டின் ‘வைல்ட்’ நூல் 2012இலும் அதன் திரைவடிவம் 2014இலும் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. தென்முனையிலிருந்து நெடும்பயணம் தொடங்குவோருக்கு நாளொன்றுக்கு 50 பேர் என்ற வரம்பு வந்ததும், கூடுகை நின்றதும் இந்தப் பின்னணியில்தான். பயணத்துக்கான அனுமதிச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இடம் கிடைப்பதுதான் கடினம்.

வழியில் இருந்த புகழ்பெற்ற வீடுகளின் கதையும் இதே போக்கில் போயிற்று. அகுவா டுல்சேயின் ‘ஹைக்கர் ஹெவன்’ அழுக்குத் துணியைத் துவைத்துத் தந்தது. கிரீன் வேலியின் ‘காசா டி லூனா’ டாக்கோ சாலட்டுக்குப் பேர்போனது. இரண்டையும் நடத்திவந்தவர்கள் பின்னர் நிறுத்திவிட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்று பாதைச் சங்கமே கேட்டுக்கொண்டது. அந்நியரை வீட்டுக்குள் அழைக்கும் வழக்கத்துக்கு அது பெரிய அடி. ஒரு குடும்பத்தின் சமையலறையை நம்பி ஒரு தேசியப் பாதை இயங்க முடியாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்த உண்மை. பாலைப்பகுதியில் தன்னார்வலர்கள் வைக்கும் தண்ணீர்க் கேன்களை நம்பி நடக்க வேண்டாம் என்று சங்கம் எச்சரிப்பதும் இதே காரணத்தால்: கேன் காலியாக இருந்தால் நடப்பவர் உயிருக்கே ஆபத்து.

தேவதை வீடு எதுவும் அமையாதவர்கள் சான் டியேகோவிலிருந்து டிராலி எனும் நகர ரயிலில் எல் காஹோன் போய், 894ஆம் எண் பேருந்தில் கேம்போ சேரலாம். அது வார நாள்களில் மட்டுமே ஓடும் பேருந்து. சனி, ஞாயிறு புறப்பாட்டுக்கு அனுமதி பெற்றவர்கள் வண்டிக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.