பெடலை விட்டுவைத்த மோட்டார்

போர் முடிந்த மறு ஆண்டு, 1946. ஜப்பானில் ரயிலிலும் பஸ்ஸிலும் கால்வைக்க இடமில்லை, பெட்ரோலோ ரேஷனில்தான். அரிசி, காய்கறி தேடி மக்கள் கிராமங்களுக்குச் சைக்கிள் மிதித்தார்கள். ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டாவின் கண்ணில் ஒரு சின்ன எஞ்சின் பட்டது. ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை ஓட்டச் செய்யப்பட்டது அது. இப்போது கேட்பாரற்றுக் கிடந்தது.

அதைச் சைக்கிளில் பொருத்தினார் ஹோண்டா. பெட்ரோல் டேங்க்? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கும் குடுவை வீட்டில் இருந்தது. அதுவே டேங்க் ஆனது. பெட்ரோல் போதாதபோது பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்தார்கள். கிளப்புவதே பெரும்பாடு, புகையோ கண்ணை மறைக்கும். அந்தச் சைக்கிளை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவர் அவர் மனைவி சச்சி. அவர் மிதித்து அல்லல்படுவதைக் காணப் பொறுக்காமல்தான் ஹோண்டா இந்த வேலையில் இறங்கினார் என்று சொல்வார்கள்.

கிடைத்த பழைய எஞ்சின்கள் தீர்ந்தன. 1947-இல் ஹோண்டா சொந்தமாக 50 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் செய்தார். 1952-இல் வந்தது ‘கப் எஃப்’: வெள்ளை டேங்க், சிவப்பு எஞ்சின், எடை சுமார் 6 கிலோ, பின் சக்கரத்தின் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளலாம். விற்பனையைப் பார்த்துக்கொண்ட தகேயோ ஃபுஜிசாவா நாடெங்கும் சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். பெட்டியில் அடைத்து அனுப்பிய எஞ்சினைக் கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார்.

ஆனால் எஞ்சினின் அதிர்வையும் வேகத்தையும் தாங்க சைக்கிளின் ஃபிரேமும் பிரேக்கும் போதவில்லை. 1958-இல் வந்த ‘சூப்பர் கப்’பில் பெடலே இல்லை. காலுக்கு உதவ வந்த எஞ்சின் காலுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஹமமட்சுவுக்குப் பக்கத்து ஊரான இவாட்டாவிலிருந்து யமஹா வேறு வழி காட்டியது. 1993-இல் விற்பனைக்கு வந்த அதன் ‘பாஸ்’ சைக்கிளில் ஆக்சிலேட்டர் கிடையாது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஒரு சென்சார் அளக்கும். மோட்டார் அதற்குச் சமமாகத் தன் பங்கைக் கொடுக்கும். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியதும் உதவி படிப்படியாகக் குறைந்து, 24-இல் நின்றுவிடும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும். அதனால் சட்டத்தின் பார்வையில் அது சைக்கிள்தான், லைசென்ஸ் தேவையில்லை. 2008-இல் குறைந்த வேகத்தில் கால் தரும் விசையைப் போல இரண்டு மடங்கு வரை உதவ அனுமதி கிடைத்தது. முன்னும் பின்னும் குழந்தைகளை உட்காரவைத்து மேட்டில் ஏறும் தாய்மார்களுக்கு அது பெரிய வரம்.

இரண்டில் எது மேல்? சக்தியைச் சுமப்பதில் பெட்ரோலை அடித்துக்கொள்ள முடியாது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 200 அளவில்தான். சின்ன எஞ்சின் முக்கால் பங்கையும் வெப்பமாக வீணடித்தாலும் மிச்சமே பேட்டரியைவிடப் பத்து மடங்குக்கு மேல். டேங்க்கை நிரப்பவும் நிமிடம் போதும். கரண்ட் கிடைக்காத நெடுவழியில் பாரத்தோடு போகிறவருக்குப் பெட்ரோல்தான் கைகொடுக்கும்.

ஆனால் சைக்கிளுக்கு அவ்வளவு சக்தி எதற்கு? சாதாரண மனிதர் களைக்காமல் மிதித்தால் 100 வாட் வரும். 250 வாட் மோட்டார் கூடவே தள்ளினால் எந்தத் தெருமேடும் ஏறிவிடலாம். எஞ்சின் சுழன்று வேகம் பிடித்த பிறகுதான் இழுக்கும். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிந்து புகையாகும். மின்மோட்டாரில் புகையும் இல்லை, கார்புரேட்டர் கழுவும் வேலையும் இல்லை. பேட்டரியை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது பெரிய செலவு.

கடுமையான புகைக் கட்டுப்பாடுகளால் ஹோண்டா நிறுவனமே 2025-இல் ஜப்பானுக்கான 50 சிசி வண்டிகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அன்றாடம் கடைக்கும் பள்ளிக்கும் போய்வருகிறவர், முழங்கால் வலியால் சைக்கிளை ஓரங்கட்டிய பெரியவர் கேட்டால், தயங்காமல் மின்மோட்டாரைத்தான் சொல்வேன். மிதிக்கும் பழக்கமும் போகாது, மேட்டைக் கண்டு மலைக்கவும் வேண்டாம்.