சீக்வெஸ்டர்

சீக்வெஸ்டர், லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரித்து ஒதுக்கி வைப்பது, சட்டப்படி கைப்பற்றுவது என்ற இரண்டு பொருளும் இன்றுவரை அதில் ஒட்டியே இருக்கின்றன.

ரோமானியச் சட்டத்தில் அது ஓர் ஆளைக் குறித்தது. ஒரே பொருளுக்கு இருவர் உரிமை கொண்டாடினால், வழக்கு தீரும்வரை அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பொது மனிதரே சீக்வெஸ்டர். ஜெயித்தவரிடம் ஒப்படைப்பதோடு அவர் வேலை முடிந்தது.

இந்த நடுநிலை இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் காணாமல் போயிற்று. 1643 மார்ச்சில் நாடாளுமன்றம், மன்னர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்றவர்களின் சொத்துகளை சீக்வெஸ்டர் செய்ய ஆணையிட்டது. வட்டாரக் குழுக்கள் நிலங்களை எடுத்துக்கொள்ள, குத்தகை வருமானம் போர்ச் செலவுக்குப் போனது. வழக்காடுபவரே பொருளையும் வைத்துக்கொண்டார். சொத்தை இழந்தவர்களின் மனைவி மக்கள் பிழைப்புக்கு ஐந்தில் ஒரு பங்குவரை விட்டுக்கொடுக்க மட்டும் இடமிருந்தது. நம் நாட்டு ஜப்தியிலும் அப்படியொரு எல்லைக்கோடு உண்டு. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றில் கைவைக்க விடுவதில்லை. அமீனா வந்தாலும் தாலி தப்புவது இதனால்தான்.

1984-இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நீதிமன்ற அவமதிப்புக்கான 2 லட்சம் பவுண்டு அபராதத்தைக் கட்ட மறுத்தபோது, வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே அதன் நிதியை இதே சொல்லின் பேரில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

அமெரிக்காவில் இந்தச் சொல் மனிதர்கள் மீதும் பாயும். ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் ஜூரிகள் 1995-இல் 265 நாள் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்தார்கள். நாளிதழ்களில் வழக்குச் செய்திகளை வெட்டியெடுத்த பிறகே கையில் கொடுத்தார்கள். தொலைபேசிப் பேச்சும் கண்காணிப்பில்தான். குடும்பத்தாரைப் பார்க்கக் குறித்த நேரம் மட்டுமே. ஏப்ரலில் காவலர்களை மாற்றியதை எதிர்த்து ஜூரிகளில் பலர் கறுப்பு உடையில் வந்தனர். வழக்கு முடிவதற்குள் பத்துப் பேர் விலக்கப்பட்டார்கள். எஞ்சியவர்கள் முடிவெடுக்க நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயம் வேண்டும் என்பதற்காகக் குற்றமே செய்யாதவர்களை இப்படிச் சிறை வைப்பது கொடுமைதான்.

அமெரிக்க அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இதற்குத் தானாகவே விழும் செலவுவெட்டு என்று பொருள். 1985-இல் சட்டத்தில் நுழைந்த இந்த ஏற்பாடு, 2013 மார்ச் 1-ஆம் தேதி சுமார் 8,500 கோடி டாலருக்கு அமலானது.

மருத்துவத்தில், நல்ல எலும்பிலிருந்து பிரிந்து கிடக்கும் செத்த எலும்புத் துண்டின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே.

இன்று அதிகம் காதில் விழுவது கார்பன் சீக்வெஸ்ட்ரேஷன், அதாவது கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் கலக்கவிடாமல் ஒதுக்கி வைப்பது. நார்வே 1991-இல் கார்பன் வரி போட்டது. அந்த வரியின் அழுத்தத்தில் 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில், வாயுவிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடைக் கடலடிக்கும் கீழே உள்ள மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். அளவு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்வரை இருந்தது. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, கசிகிறதா என்று நில அதிர்வு அலைகளை அனுப்பி அவ்வப்போது சோதிக்கிறார்கள்.