பாலமும் உறுதியும் வட்டும்: காப்புப்படிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த வழிகள் இரண்டு. 1914இல் தலைமன்னார்வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1930இல் தெருப்பாலம் அமைந்தது. ஒன்று பழுதுற்றால் மற்றையது உதவும் என எவரும் எண்ணுவர். ஆயின் இரண்டும் ஒரே ஆழமற்ற நீர்ப்பரப்பைக் கடந்தன. ஒரே போரின் எல்லைக்குள் கிடந்தன. 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னார்ப் புகையிரதச் சேவையும் நின்றது. புதிய பாலம் 2010இலும், தலைமன்னார்த் துறைவரையான புகையிரதச் சேவை 2015இலுமே மீண்டன. எண்ணிக்கையில் இரண்டாயிருந்தவை ஆபத்தின்போது ஒன்றாகவே ஒழிந்தன.

அதே 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இடம்பெயர்ந்தன. வீட்டை விட்டு ஓடுவோர் கையில் காணி உறுதி இருக்குமென எதிர்பார்த்தல் இயலாது. எனினும் இலங்கை நொத்தாரிசு முறை இவ்விழப்பை ஓரளவு முன்னறிந்தது எனலாம். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி உறுதியின் மூலம் உரியவரிடம் சேரும். ஒரு படி நொத்தாரிசிடம் தங்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு மாதந்தோறும் அனுப்பப்படும். மூன்று படிகள் என்பதிலும் அவை மூவர் வசம் இருந்தன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

கணினித் துறை இப்பிரச்சினையை வேறொரு வாயிலால் அணுகிற்று. 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகியோர், விலையுயர்ந்த ஒரு பெருவட்டுக்குப் பதிலாக மலிவான பல வட்டுகளை ஒன்றிணைக்கலாமென எழுதினர். வட்டுகள் பெருகப் பெருகப் பழுதும் பெருகுமாதலின், காப்பு முறைகளை ஐந்து மட்டங்களாக வகுத்தனர். 'ரெயிட்' எனப் பெயர் பெற்றது இதுவே. முதலாம் மட்டம் ஒவ்வொரு வட்டுக்கும் நேர்படி வைப்பது. ஐந்தாம் மட்டமோ படியெடுப்பதில்லை. ஏனைய வட்டுகளின் ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என்னும் கணக்கை மட்டும் எழுதி வைத்து, இழந்த ஒன்றை அக்கணக்கிலிருந்து மீட்கும். பின்னர் வந்த ஆறாம் மட்டம் ஈரிழப்பைத் தாங்கும்.

நான்கு டெராபைற் கொள்ளும் எட்டு வட்டுகளை எடுத்துக்கொள்வோம். நேர்படி முறையில் பயன்படுவது 16. ஐந்தாம் மட்டத்தில் 28. ஆறாம் மட்டத்தில் 24. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் ஐந்தாவதையே தெரிவர். ஆயின் அதில் ஒரு சிறு மாற்றத்தை எழுதவும் பழைய தரவையும் கணக்கையும் வாசித்து, இரண்டையும் திரும்ப எழுதவேண்டும், நான்கு செயல்கள். ஆறாவதில் ஆறு. இடைவிடாது சிறு பதிவுகள் எழும் வங்கிக் கணக்குகளுக்கு நேர்படியே பொருந்தும். அரிதாக மாறும் ஆவணங்களுக்கு ஆறாம் மட்டம் போதும். இன்றைய பெருவட்டொன்றை மீளக் கட்டுவதற்குப் பல மணி நேரம், சிலபோது நாட்களே செல்லும். அவ்விடைவெளியில், ஒரே தொகுதியில் வாங்கி ஒரே வெப்பத்தில் உழைத்த இன்னொரு வட்டும் வீழ்வது வியப்பன்று. அப்போது ஐந்தாம் மட்டம் உதவாது.

எம்மட்டமாயினும் அது வட்டின் பழுதுக்கே மருந்து. தவறாக அழித்த கோப்பை நேர்படி வட்டும் அக்கணமே அழித்துவிடும். (விற்பனையாளர் இதனை உரத்துச் சொல்வதில்லை.) 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரச முகிற்கணினி மீது கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கிற்று. தொகுதி 12 மணித்தியாலத்துள் மீண்டும் இயங்கியது. ஆயினும் வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப்படியும் உடன் பூட்டப்பட்டமையால், மே 17 முதல் அன்றுவரையான தரவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். இணைப்பறுத்த படியொன்றை நாள்தோறும் எடுத்து வைக்கும் ஏற்பாடு அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது.